ஸ்டென்ட்டில் மீண்டும் அடைப்பு: உள்ளே படம் எடுப்பது அவசியமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடிப்படி ஏறினால் மறுபடியும் நெஞ்சு இறுக்குகிறது. ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே அடைப்பு இருப்பதாக ஆஞ்சியோகிராமில் தெரிந்தது. ரத்தக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் படம் எடுத்த பிறகே சிகிச்சையை முடிவு செய்ய முடியும் என்கிறார் மருத்துவர். அதற்குச் செலவு தனி. ஆஞ்சியோகிராம் மட்டும் போதாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாது என்பதே என் கருத்து. ஆஞ்சியோகிராமில் தெரிவது குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல்தான். எந்த இடம் குறுகியிருக்கிறது என்பதை அது காட்டும், ஏன் குறுகியது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. தங்கள் கணவருக்கான சிகிச்சையோ அந்தக் காரணத்தைப் பொறுத்தே அமையும்.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய்; வைத்த அன்றே அது முழுமையாக விரியாமல் போயிருக்கலாம். 3 மி.மீ. விட்டத்துக்கு விரிய வேண்டிய ஸ்டென்ட், சுற்றிலும் இறுகிக் கிடக்கும் கால்சியம் படிவால் 2 மி.மீ. அளவிலேயே நின்றுவிட்டால், ரத்தம் செல்லும் பரப்பு 7 சதுர மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 3 மட்டுமே இருக்கும். அதன் மேல் மெல்லிய சதை வளர்ந்தாலும் அடைப்புதான். இதை அறியாமல் உள்ளே இன்னொரு ஸ்டென்ட்டை வைத்தால் பழைய குறுகல் அப்படியே இருக்க, உலோகம் மட்டும் இரண்டு அடுக்காகிவிடும். இது நேரவே கூடாது என்பதற்காகவே இவ்வளவு வலியுறுத்துகிறேன். இத்தகைய நிலையில் உயர் அழுத்த பலூனோ, அதிர்வலையால் கால்சியத்தை உடைக்கும் பலூனோ தேவைப்படும். மாறாக, ஸ்டென்ட் நன்றாக விரிந்திருந்து உள்ளே சதை மட்டும் வளர்ந்திருந்தால், மருந்து பூசிய பலூனே போதுமானதாக இருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து ஸ்டென்ட்டுக்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு படிவதும், ஸ்டென்ட்டின் கம்பி முறிவதும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய இரண்டு முறைகள் உள்ளன. ஒலி அலையைப் பயன்படுத்தும் ஐவஸ், குழாய்ச் சுவரின் ஆழம் வரை காட்டும். ஒளியைப் பயன்படுத்தும் ஓசிடி அவ்வளவு ஆழம் செல்லாது. ஆனால் 10 முதல் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுட்பத்துடன், ஸ்டென்ட்டின் ஒவ்வொரு கம்பியையும் அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலத்தையும் தெளிவாகக் காட்டும். ஓசிடி எடுக்கும்போது ரத்தத்தை விலக்கச் சாயம் செலுத்த வேண்டியிருப்பதால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பெரும்பாலும் ஐவஸே ஏற்றது; சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும், கணவரின் ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

ஸ்டென்ட் பழுதானதன் காரணத்தை அறிய இவ்விரு முறைகளையும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2021 வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு முறை படம் எடுத்து, ஸ்டென்ட் சரியாக விரிந்துவிட்டதா என்று பார்ப்பார்களா எனக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.