வாசலில் பத்து நிமிடம்

கேள்வி: தன்பால் திருமணத்துக்கு ஆதரவு தேடி வீடு வீடாகப் போய்ப் பேசினால் மனம் மாறும் என்று சொன்ன அமெரிக்க ஆய்வே மோசடி என்று தெரிந்துவிட்டதே. இன்னும் எதற்குக் கதவைத் தட்டுகிறார்கள்?

பதில்: பாதிச் செய்தியோடு நிறுத்திவிட்டீர்கள். 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை 2015 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது உண்மை. மூலத் தரவைக் காட்ட ஆய்வாளரால் முடியவில்லை. குளறுபடியைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் புரூக்மன், ஜோஷ் கல்லா இருவரும் அதே முறையை அமெரிக்காவின் மயாமி நகரில் தாங்களே சோதித்தார்கள். 501 வாக்காளர்கள், கதவைத் தட்டியவர்கள் 56 பேர், வாக்காளர் ஒவ்வொருவரோடும் சுமார் பத்து நிமிடப் பேச்சு. பலன் மூன்று மாதம் கழித்தும் நின்றது. 2016-இல் அதே இதழில் வெளியானது. அங்கே பேசுபொருள் திருநர் மீதான வெறுப்பு, திருமணம் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முறை பிறந்தது ஒரு தோல்வியில். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தன்பால் திருமணத்தைத் தடுக்கும் எட்டாவது முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் 52 சதவீத வாக்கோடு வென்றது. தன்பாலீர்ப்பாளர், திருநர் நலனுக்கான லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தினர் தங்களைத் தோற்கடித்த பகுதிகளுக்கே போய், 'ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?' என்று கேட்டார்கள். எத்தனை பெரிய மனது வேண்டும் அதற்கு!

வாசலில் முதல் கேள்வி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் ஆதரவு எந்த எண் என்பது. அவர் 3 என்றாலும் 8 என்றாலும் கேட்பவரின் முகம் மாறக் கூடாது. 'ஏன் அந்த எண்?' என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு, தெரிந்தவர்களில் தன்பாலீர்ப்பாளர் உண்டா, உங்கள் கல்யாணம் உங்களுக்கு என்னவாக இருந்தது என்று கேட்பார்கள். மனைவியை இழந்த ஒருவர் அந்தக் கேள்விக்குத் தானாகவே பேசத் தொடங்கிவிடுவார். அதன் பிறகே தன்னார்வலர் தன் கதையைச் சொல்வார், அதுவும் சுருக்கமாக. கடைசியில் மறுபடியும் எண் கேட்டு, இரண்டையும் தாளில் குறித்துக்கொள்வார்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். 'பைபிள் இதை ஏற்காது' என்றதும் பதிலுக்கு வசனம் எடுத்துப் பேசினால் கதவு சாத்தப்படும். இன்னொன்று, ஆளை அனுப்பிவிடவே சிலர் 8 என்பார்கள். அதை நம்பித் திரும்பினால் எதிரணியின் முதல் விளம்பரத்திலேயே அந்த 8 சரியும். 'பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்களே' என்ற பயத்தை வாசலிலேயே வெளியே எடுத்துப் பேசிவிட வேண்டும்.

பல கதவுகள் திறக்காது. நேரமும் ஆளும் நிறையத் தேவை. ஆனாலும் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு நகர்வது ஈடாகாது. குடியேறிகள், திருநர் குறித்து புரூக்மனும் கல்லாவும் கதவைத் தட்டிப் பேசும் 230 பேரையும் 6,869 வாக்காளர்களையும் கொண்டு நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. குற்றம் சொல்லாமல் கேட்டு, கதைக்குக் கதை பரிமாறிக்கொண்ட வாசல்களில் மாற்றம் நான்கு மாதமாவது நீடித்தது. வாதங்களை மட்டும் அடுக்கிய வாசல்களில் எதுவும் அசையவில்லை.