ஒஹாயோ ஸ்டேட்டையே வீழ்த்திய மிச்சிகன் ஃபுட்பால் அணி, 2025 சீசனுக்கு எதைச் சரிசெய்ய வேண்டும்?

"மகன் 2025 ஆகஸ்டில் ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்கிறான். அங்கே எல்லோருக்கும் அமெரிக்க ஃபுட்பால் பைத்தியமாம். போன வருடம் ஒஹாயோ ஸ்டேட், அலபாமா இரண்டையும் ஜெயித்த அணிக்கு இனிமேல் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். (2025 சீசன் தொடங்குவதற்கு முன் எழுதிய பதில் இது.)

குறை ஒன்றுதான். ஆனால் பெரிய குறை. இந்த அணிக்குப் பந்தை எறிய வராது.

நான் இருப்பது கான்டனில், ஆன் ஆர்பருக்குப் பக்கம். கார் கம்பெனி வேலை. எங்கள் ஆபீஸில் பாதிப்பேர் மிச்சிகன் ரசிகர்கள், மீதிப்பேர் போட்டி அணியான மிச்சிகன் ஸ்டேட் ரசிகர்கள். செப்டம்பர் வந்துவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் பத்து நிமிடம் வேறு எதுவும் ஓடாது. அந்த மீட்டிங்குகளில் போன சீசன் முழுக்க நாங்கள் திரும்பத் திரும்பப் பேசியதும் இதைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். அந்த வாய்ப்புக்குப் பெயர் டவுன். எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் டச் டவுன், கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரர் எறிந்து இன்னொருவர் பிடிக்கலாம், அதுதான் பாஸ். எதிரணிக்கு இரண்டில் எது வரப்போகிறது என்று தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எட்டுப் பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஓடுவதற்கு இடமே இருக்காது. 2024-ல் மிச்சிகனுக்கு எதிராக எல்லோரும் செய்தது அதுதான்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் மோசம். ஆட்டத்துக்குச் சராசரியாக 130 யார்டு அளவில்தான் பாஸ். முதல்நிலைப் பிரிவில் அப்போது இருந்த 134 அணிகளில் கடைசி நாலைந்து இடங்களுக்குள் வரும் கணக்கு இது. 2023-ல் 15 ஆட்டத்தில் 15-ம் ஜெயித்து, ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கிய அணி, மறு வருடமே 8 வெற்றி 5 தோல்வி என்று நின்றது இதனால்தான்.

நீங்கள் சொல்லும் அந்த ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30, கொலம்பஸில், 13-10. தொடர்ந்து நான்காவது வருடமாக அவர்களை ஜெயித்த சந்தோஷத்தில் நாங்கள் இங்கே வெடி வைக்காத குறைதான். ஆனால் அந்த 13 புள்ளி எப்படி வந்தது? ஒரே ஒரு டச் டவுன். அதுவும் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் தரப்பு) ஆட்டக்காரர் ஆமிர் ஹால் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து 2 யார்டு கோடு வரை கொண்டுவந்து கொடுத்தார். அங்கிருந்து ஓட்டக்காரர் கலெல் மல்லிங்ஸ் முட்டி உள்ளே போனார். மீதி இரண்டும் டாமினிக் ஸ்வாடா உதைத்த ஃபீல்டு கோல். ஒன்று 54 யார்டிலிருந்து, இன்னொன்று முடிய 45 விநாடி இருக்கும்போது. குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் அன்றைக்கு எறிந்து சேர்த்தது மொத்தம் 62 யார்டு. இரண்டு பந்து எதிரணி கைக்குப் போனது. அன்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட் ஜனவரியில் நோட்டர் டேமை வென்று தேசியப் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட அணியை இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தோம் என்றால், அந்தப் புகழில் பெரும்பகுதி டிஃபென்ஸுக்குத்தான். ஓட்டத்தில் அவர்களை 77 யார்டில் கட்டிப்போட்டார்கள்.

அலபாமா ஆட்டமும் இதே கதை. டாம்பாவில் கொட்டும் மழை, முதல் குவார்ட்டரிலேயே அலபாமா மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தது. நம் ஆட்கள் வாங்கிய புள்ளிகளில் பெரும்பாலும் அந்தப் புண்ணியத்தில் வந்தவை. 19-13.

செப்டம்பரில் யூஎஸ்சி (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆட்டம் இன்னும் வேடிக்கை. பாஸ் மொத்தம் 32 யார்டு. ஆமாம், முழு ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான். நான்கு நிமிடம் மிச்சம், 24-20 என்று பின்தங்கியிருக்கிறோம், இன்னும் 89 யார்டு போக வேண்டும். எறிந்து பழக்கமே இல்லாத அணி. மல்லிங்ஸ் நடுவில் புகுந்து, மேலே விழுந்தவர்களை உதறிவிட்டு 63 யார்டு ஓடினார். கடைசியில் நான்காவது டவுனில், ஒரு யார்டில், 37 விநாடி இருக்கும்போது உள்ளே போனார். 27-24. அரங்கத்தில் இருந்த லட்சம் பேருக்கும் தொண்டை போயிற்று. இப்படி ஒரு தடவை ஜெயிக்கலாம். வாஷிங்டனிலும் இல்லினாயிலும் இந்தானாவிலும் இதே மாதிரி முயன்று தோற்றோம். இல்லினாய் அணி அன்று நூறு வருடத்துக்கு முந்தைய பாணிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடியது. 1924-ல் இல்லினாய் ஆட்டக்காரர் ரெட் கிரேஞ்ச் இதே மிச்சிகனை அதே மைதானத்தில் துவைத்தெடுத்ததை நினைவுபடுத்துவதற்காக. நம் ஆட்டமும் அந்தக் காலத்து ஆட்டமாகத்தான் இருந்தது, 21-7.

இதற்கு ஒரு ஆளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வாரன் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்கு வந்தவர், பள்ளியில் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 7 டச் டவுன், 9 இன்டர்செப்ஷன் (எறிந்ததை எதிரணி பறிப்பது) என்பது நல்ல கணக்கு இல்லைதான். ஆனால் அவரை எடுத்துவிட்டு இன்னொரு குவார்ட்டர்பேக் ஓர்ஜியைப் போட்டார்கள், ஓர்ஜியை எடுத்துவிட்டு மூன்றாமவர் டட்டிலைப் போட்டார்கள், மறுபடி வாரனிடமே வந்தார்கள். நடுவில் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கை பழகும்?

வேர் எங்கே என்றால், 2024 ஜனவரியில். பட்டம் வாங்கின கையோடு தலைமைக் கோச் ஜிம் ஹார்பா லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். ஷெரோன் மூர் தலைமைக் கோச்சானது மாதக் கடைசியில். வேறு கல்லூரிகளிலிருந்து ஆட்டக்காரர்களை இழுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பருவம் அதற்குள் முடிந்த மாதிரிதான்; நல்ல குவார்ட்டர்பேக்குகள் எல்லாம் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். இருந்தவர்களில் 13 பேரை என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, அள்ளிக்கொண்டது. குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி, ஓட்டக்காரர் பிளேக் கோரம், பந்து பிடிக்கும் ரோமன் வில்சன் எல்லோரும் போனார்கள், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக் காவலர்கள் மொத்தமும் போனார்கள். புதுக் கோச் கையில் மிஞ்சியதை வைத்து ஒப்பேற்றினார்.

சரி, இப்போது புதுக் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் வந்திருக்கிறாரே என்பீர்கள். எங்களுக்குப் பக்கத்து ஊரான பெல்வில் பையன். அவர் பள்ளி அணி 2021, 2022 இரண்டு வருடமும் மாநிலப் பட்டம் வாங்கியது. நாட்டிலேயே முதல் இடத்தில் வைக்கப்பட்ட ஆட்டக்காரர். எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வாக்குக் கொடுத்திருந்தவர், நவம்பரில் மனம் மாறி இங்கே வந்தார். அதற்குக் கைமாறும் தொகை பல மில்லியன் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. கல்லூரிப் பையனுக்கு இவ்வளவா என்று நம் ஆட்கள் வாயைப் பிளக்கிறார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாக வருடத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று நீதிமன்றத் தீர்வு வந்துவிட்டது. இனி இது இப்படித்தான்.

ஆனால் சீசன் தொடங்கும்போது அவருக்கு வயது 18. ஏப்ரலில் அணிக்குள்ளேயே நடந்த பயிற்சி ஆட்டமான ஸ்பிரிங் கேமில் அவர் எறிந்த 88 யார்டு டச் டவுன் ஒன்றைத்தான் எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி எறிகிற ஏமாற்று ஆட்டம் அது. அழகான எறிதல், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எறிந்ததில் பாதிக்கும் மேல் யார் கைக்கும் போகவில்லை என்பதை யாரும் அனுப்பவில்லை. இந்தப் பையன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது குருவி தலையில் பனங்காய். அவரைச் சுற்றி மூன்று விஷயம் சரியாக வேண்டும்.

முதலில் ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள். போன வருடம் நம்பிப் பந்தை எறிய இருந்த ஒரே ஆள் கோல்ஸ்டன் லவ்லண்ட். 56 பந்து பிடித்தார். அடுத்த இடத்தில் இருந்தவர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. லவ்லண்டை ஏப்ரல் டிராஃப்ட்டில் சிகாகோ பேர்ஸ் பத்தாவது ஆளாக எடுத்துக்கொண்டது. எதிரணிக் காவலரிடமிருந்து விலகி, இரண்டடி இடம் உண்டாக்கித் தரக்கூடிய ஓரத்து ஆள் ஒருவர்கூட இல்லாமல் எந்தக் குவார்ட்டர்பேக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தானாவிலிருந்து வந்திருக்கும் டோனவன் மெக்கல்லி ஆறடி ஐந்தங்குலம். முதலில் குவார்ட்டர்பேக்காக வந்து ரிசீவராக மாறியவர். எறிகிறவன் மனசு அவருக்குத் தெரியும் என்பது என் கணிப்பு. ஏற்கெனவே இங்கே இருக்கும் ரிசீவர் செமாஜ் மார்கனையும் குட்டையான பாஸ்களோடு நிறுத்தாமல் தூரத்துக்கு ஓடவிட வேண்டும்.

இரண்டாவது முன்வரிசை. என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். இடது ஓரத்தைக் காத்த மைல்ஸ் ஹின்டன் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். நடுவில் எல்ஹாடி, கிரிப்பன் என்று அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஓரங்களில் எல்லாம் இளசுகள். போன வருடம் வாரன் எறிந்த மோசமான பந்துகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பல தடவை கால் ஊன்றி நிற்கவே நேரம் கிடைத்திருக்காது. மார்புக்கு நேரே ஒரு ஆள் வந்து நின்றிருப்பான். 18 வயதுப் பையனை முதல் மாதத்திலேயே அப்படி நாலு தடவை கீழே தள்ளினால், ஐந்தாவது தடவை யாரும் வராதபோதே பயந்து எறிய ஆரம்பித்துவிடுவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது.

மூன்றாவது, ஆட்டத்தை அழைக்கிற விதம். ஒஹாயோ ஸ்டேட்டை ஜெயித்த பிறகும் ஆஃபென்ஸ் (பந்தை முன்னேற்றும் தரப்பு) கோச் கர்க் கேம்பலை நீக்கினார்கள் என்பதிலிருந்தே நிர்வாகத்துக்கு நிலைமை புரிந்திருக்கிறது. வட கரோலினாவிலிருந்து சிப் லிண்ட்சியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். அங்கே டிரேக் மே மாதிரி எறிபவரையும் வைத்து ஆடியிருக்கிறார், ஒமேரியன் ஹாம்ப்டன் மாதிரி ஓட்டக்காரரை இரண்டு வருடமும் 1500 யார்டு தாண்டவும் விட்டிருக்கிறார். எனக்கு அவரிடம் ஒரே வேண்டுகோள், முதல் டவுனில் எறியுங்கள். போன சீசனில் முதல் டவுனில் ஓட்டம், இரண்டாவதிலும் ஓட்டம், மூன்றாவது டவுனில் எட்டு யார்டு பாக்கி, அப்போதுதான் பாஸ். அரங்கத்தில் பாப்கார்ன் விற்கிறவருக்கே அடுத்து என்ன என்று தெரிந்த பிறகு எறிந்து என்ன பயன்? ஓடுவது போல் காட்டி எறிகிற ஆட்டத்தை முதல் டவுனிலேயே நாலைந்து தடவை போட்டால் போதும், முன்னால் நிற்கிற அந்த எட்டாவது ஆள் தானாகப் பின்னால் போவான். அப்புறம் அலபாமாவிலிருந்து வந்த ஜஸ்டிஸ் ஹேன்ஸும், டாம்பா மழையில் நூறு யார்டு ஓடிய ஜோர்டன் மார்ஷலும் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

அண்டர்வுட் தயாராகவில்லை என்றால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து வந்த மிக்கி கீன் இருக்கிறார். போன வருடம் முதல் ஆட்டத்தில் நமக்கு எதிராக ஆடியவர். அவர் எறிந்த ஒன்றைத்தான் நம் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வில் ஜான்சன் பறித்து 86 யார்டு ஓடினார். உடல்நிலை சரியாக இருந்தால் செப்டம்பரில் அவரை ஆடவிட்டு, பையனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுதான் என் விருப்பம். கேட்கமாட்டார்கள். அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு யார் பெஞ்சில் உட்காரவைப்பார்கள்?

டிஃபென்ஸைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் முதல் சுற்றிலேயே டிராஃப்ட்டில் போனது இழப்புதான், அந்த இரண்டு மலைகளுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் டிஃபென்ஸ் கோச் விங்க் மார்ட்டின்டேல் இரண்டாவது வருடம் இருக்கிறார், அவர் முறை ஆட்களுக்குப் பழகிவிட்டது. உதைக்க ஸ்வாடா இருக்கிறார். போன வருடம் 50 யார்டுக்கு மேல் உதைத்த ஏழும் உள்ளே போயின. மூர் மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் சஸ்பென்ஷன் காரணமாக வரமாட்டார். அதில் நெப்ராஸ்கா ஆட்டம் வெளியூரில் என்பதுதான் உறுத்துகிறது.

மகனிடம் சொல்லுங்கள், ஆகஸ்ட் 30 நியூ மெக்சிகோ ஆட்டத்தில் ஜெயித்தாலும் அதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஓக்லஹோமாவில் ஆட்டம். அதில் ஸ்கோரை விட்டுவிட்டு முதல் டவுனில் எத்தனை தடவை எறிகிறார்கள், பையன் எத்தனை தடவை புல்லில் கிடக்கிறான் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். சராசரி 200 யார்டு பாஸ் வந்தாலே 10 வெற்றி நிச்சயம் என்று ஆபீஸில் மிச்சிகன் ஸ்டேட்காரர்களிடம் மதியச் சாப்பாட்டுக்குப் பந்தயம் கட்டியிருக்கிறேன். அப்புறம், மாணவர்களுக்கான சீசன் டிக்கெட்டை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒஹாயோ ஸ்டேட் இந்த முறை இங்கேதான் வருகிறது, நவம்பர் 29. குளிருக்கு நல்ல பூட்ஸ் வேண்டும்.