பேஸ் கிட்டார் முன்னால வந்த கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, போன இதழ்ல தி போலீஸ் பேண்ட பத்தி எழுதும்போது 'இவங்க பாட்டுல பாதி ரெகேயாக்கும்'னு ஒரு வரி போட்டுட்டு அப்படியே தாண்டிப் போயிட்டீங்க. ஜமைக்கா தாளம் இங்கிலாந்து ராக் பையன்களுக்கு எப்படிக் கிட்டுச்சு? விரிவா சொல்லுங்க.
– கோட்டாறுலருந்து ஒரு வாசகர்

பதில்: பக்கத்து பக்கத்து வீட்டுல குடியிருந்ததுனால கிட்டுச்சு, அதான் விஷயம். 1948ல விண்ட்ரஷ் கப்பல் லண்டன் பக்கம் வந்து சேர்ந்ததுலருந்து கரீபியன் தீவுகள்ல உள்ள குடும்பங்க வேலை தேடி இங்கிலாந்துக்குப் போக ஆரம்பிச்சுது, பிரிக்ஸ்டன், நாட்டிங் ஹில், பர்மிங்ஹாம், கோவென்ட்ரின்னு வாடகை கம்மியான இடங்கள்ல குடியேறினாங்க, வசதியில்லாத வெள்ளைக்காரக் குடும்பங்களும் அதே தெருவுலதான் இருந்துச்சு. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு ரெகே ஒண்ணும் வெளிநாட்டுச் சரக்கு இல்ல, சன்னல் வழியா டெய்லி கேட்டு வளந்த சத்தமாக்கும். கிளாஷ் பேண்டோட பேஸ் வாசிப்பாளர் பால் சிமனன் பிரிக்ஸ்டன்ல வளந்தவர், 1979ல அவர் எழுதிப் பாடின 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' பாட்டுல அந்த பேஸ் நடக்குற நடையக் கேட்டாலே இது புஸ்தகம் பாத்துப் படிச்ச ரெகே இல்லன்னு தெரிஞ்சிரும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1977 தொடக்கத்துல லண்டன் கோவென்ட் கார்டன்ல ராக்ஸின்னு ஒரு கிளப், பங்க்னு சொல்லுற, வேகமா முரட்டுத்தனமா வாசிக்கிற ராக் பேண்டுகளுக்குன்னே நடந்தது, அங்க டிஜேயா இருந்தவர் டான் லெட்ஸ், ஜமைக்காலருந்து வந்த குடும்பத்துப் பையன். ஒரு பேண்ட் வாசிச்சு முடிச்சு அடுத்த பேண்ட் மேடை ஏறுறதுக்குள்ள ரெக்கார்ட் போடணும்லா, ஆனா அப்போ பங்க் ரெக்கார்டுன்னு கடையில வந்ததே விரல் விட்டு எண்ணிரலாம், அதனால அவர் தன்கிட்ட இருந்த ரெகே ரெக்கார்டுகளையும், ரெகே பாட்டுல குரல எடுத்துட்டு மிக்ஸ் பண்ணின டப் ரெக்கார்டுகளையும் போட்டாரு, வந்திருந்த பிள்ளைங்க அத அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு தலைமுறைக்கே காது மாறினது அந்த இடைவேளைகள்லதான்னு நான் உறுதியா நம்புறேன்.

அதுக்கு முந்தின வருஷம், 1976 ஆகஸ்ட்ல நாட்டிங் ஹில் கார்னிவல்ல போலீசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் பெரிய மோதல் வந்துச்சு, கிளாஷ்ல உள்ள ஜோ ஸ்ட்ரம்மரும் சிமனனும் அங்க இருந்தாங்க. அந்தக் கோடைக்கு எங்க பாத்தாலும் ஓடின பாட்டு ஜூனியர் முர்வினோட 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', ஜமைக்கா தயாரிப்பாளர் லீ பெர்ரி தயாரிச்சது. 1977ல கிளாஷ் முதல் ஆல்பம் போட்டப்போ மத்த பாட்டெல்லாம் ரெண்டு மூணு நிமிஷத்துல பறந்து முடிஞ்சிரும், இந்த ஒரு பாட்ட மட்டும் ஆறு நிமிஷம் வாசிச்சு வச்சாங்க. அத லீ பெர்ரி கேட்டாரு, அதே வருஷம் கிளாஷோட 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' சிங்கிளத் தயாரிக்க வந்தாரு, பாப் மார்லியும் அப்போ லண்டன்லதான், ரெண்டு பேருமா சேர்ந்து 'பங்கி ரெகே பார்ட்டி'ன்னு கிளாஷ் மாதிரி பங்க் பேண்டுகளோட பேரெல்லாம் சொல்லி ஒரு பாட்டே போட்டாங்க. அதாவது கைமாத்து ரெண்டு பக்கமும் நடந்திருக்கு, இத எழுதுறவங்க நெறைய பேரு விட்டுட்டுப் போறாங்க.

கேள்வி: நான் கருங்கல்ல சவுண்ட் சர்வீஸ் நடத்துறேன். டப்னு சொல்றாங்களே, அது மிக்ஸிங் வேலையா, பாட்டா?
– சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருத்தர்

பதில்: இந்தக் கேள்விய உங்க தொழில்ல உள்ளவர் கேட்டதுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா டப் பொறந்ததே உங்கள மாதிரி ஆள்கிட்ட. ஜமைக்கால சவுண்ட் சிஸ்டம்னு சொல்லுவாங்க, நம்ம கோயில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் பாக்ஸ் அடுக்கி வைப்பீங்கல்லா, அதே மாதிரி தெருவுல ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி ரெக்கார்ட் போட்டு ஆடுறது, யார் செட்டு கனமா அடிக்குதுன்னு போட்டியும் உண்டு. கிங்ஸ்டன்ல கிங் டப்பின்னு ஒருத்தர், நிஜப் பேரு ஆஸ்போர்ன் ரட்டக், ரேடியோ ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்குறவர், சொந்தமா ஆம்ப்ளிஃபயர் கட்டி செட்டு நடத்தினவர். 1970கள் தொடக்கத்துல இவரு ஒரு வேலை செஞ்சாரு, ஏற்கனவே பதிவான பாட்ட நாலு டிராக் டேப்ல எடுத்துக்கிட்டு குரல இறக்கிட்டாரு, கிட்டார ஒரு வெட்டு மட்டும் விட்டுட்டு அதையும் எக்கோவுல அனுப்பிட்டாரு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் நிறுத்தி வச்சாரு. மிக்ஸர் ஃபேடரையே கருவி மாதிரி வாசிச்சாருன்னு வச்சுக்கோங்க. ரெக்கார்டோட ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் இந்த மாதிரி வெர்ஷன். ஆக நீங்க கேட்ட ரெண்டும்தான், மிக்ஸிங்கே அங்க பாட்டாயிருது. டேப் எக்கோ, ஸ்பிரிங் ரிவர்ப் எல்லாம் இன்னைக்கு உங்க டிஜிட்டல் மிக்ஸர்லயே கெடக்கு, ஆனா எப்போ சேனல மூடணும்னு தெரியணுமே, அங்கதான் டப்பி நின்னாரு.

கேள்வி: அண்ணா, நான் மார்த்தாண்டத்துல காலேஜ் படிக்கேன். போஸ்ட் பங்க் பேண்டுகள்ல ரெகே தாக்கம் உண்டுன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் பப்ளிக் இமேஜ் லிமிடெட் எல்லாம் கேட்டுப் பாத்தேன், ரெகே மாதிரி ஒண்ணுமே காதுல விழலயே?
– மாணவி

பதில்: மக்களே, நீ தேடுனது 'சக் சக்'னு ஆஃப் பீட்ல விழுற கிட்டார, அது அங்க கெடையாது, அதான் கிட்டல. போலீஸ், கிளாஷ் இவங்ககிட்ட அது வெளிய தெரியும். போஸ்ட் பங்க்காரங்க, அதாவது பங்க்குக்கு அடுத்து வந்தவங்க, எடுத்தது அதுக்கும் அடியில உள்ளத, எதெல்லாம் வாசிக்காம விடணும்ங்கிறத.

ராக் பாட்டுல வழக்கமா என்ன நடக்கும், கிட்டார் எடத்த எல்லாம் அடைச்சுக்கும், பேஸ் கிட்டாரு பின்னால ஒட்டிக்கிட்டு வரும், டிரம்ஸ் நாலு தட்டையும் நெரப்பும். ரெகேல பேஸ்தான் மெட்டு பாடுது, கிட்டார் ஒரு வெட்டு வெட்டிட்டு ஒதுங்கிருது, நடுவுல காத்து போக எடம் இருக்கு. இந்த ஏற்பாட்டத்தான் அவங்க தூக்கிட்டு வந்தாங்க. செக்ஸ் பிஸ்டல்ஸ்ல கத்திப் பாடின ஜான் லைடன் 1977ல லண்டன் கேப்பிடல் ரேடியோவுக்குத் தனக்குப் பிடிச்ச ரெக்கார்டுகளக் கொண்டு போனாரு, பங்க் போடுவாருன்னு எதிர்பாத்தவங்களுக்கு அவரு போட்டதுல ரெகே கொஞ்சமில்ல, டாக்டர் அலிமன்டாடோ, அகஸ்டஸ் பாப்லோ, கல்ச்சர்னு. 1978ல ஜமைக்காவுக்கும் போய் வந்தாரு, கூட டான் லெட்ஸும் போனாரு. அந்த வருஷமே பப்ளிக் இமேஜ் லிமிடெட் ஆரம்பிச்சப்போ பேஸ் வாசிக்கக் கூப்பிட்டது ஜா வோபிள்னு கூட்டாளிய, அவரு அப்பத்தான் பேஸ் படிச்சிட்டிருந்தாரு, ஆனா ரெகே கேட்டுக் கேட்டு ஊறின காது. 1979ல 'மெட்டல் பாக்ஸ்' வந்துச்சு, தகர டப்பாக்குள்ள மூணு 12 இஞ்ச் ரெக்கார்டு, 45 வேகத்துல ஓடுறது, ஒரே எல்பில அடைச்சிருந்தா பள்ளம் நெருக்கமா வெட்டணும், பேஸ் மெலிஞ்சிரும், பரப்பி வெட்டுனா கனமா நிக்கும். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் நடத்துறவன் யோசிக்கிற யோசனையாக்கும் இது. இப்போ திரும்பப் போய் முதல் பாட்டு 'ஆல்பட்ராஸ்' போடு, நல்ல ஹெட்போன் வேணும், ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா இந்த இசைல பாதிய நீ கேக்கவே இல்லன்னு அர்த்தம், கிட்டார விட்டுட்டு பேஸ மட்டும் பின்தொடர்ந்து போ.

பொறவு ஸ்லிட்ஸ். இவங்கள நான் கூடுதலா சொல்லியே ஆகணும், ஏன்னா பங்க் பத்தி எழுதுற பல பேரு பொண்ணுங்க பேண்டுன்னு ஒரு வரில முடிச்சிர்றாங்க, எனக்கு அதுல கோவம் உண்டு. 1979ல வந்த 'கட்' ஆல்பத்தத் தயாரிச்சவர் டென்னிஸ் போவெல், பார்படாஸ்ல பொறந்து லண்டன்ல வளந்தவர், மட்டும்பி ரெகே பேண்டுக்காரர். அந்தப் பிள்ளைங்க தாறுமாறா வாசிக்கிறத அவரு இழுத்துச் சரி பண்ணல, எது தேவையோ அத வச்சுட்டு சுத்தி எடம் விட்டாரு, 'நியூடவுன்' பாட்டுல தீப்பெட்டி குலுங்குற சத்தமும் ஸ்பூன் விழுற சத்தமும்கூட தாளமா வருது. அந்தக் காலத்துல வந்த எந்த ராக் ஆல்பத்த விடவும் இது இன்னைக்குக் கேக்கப் புதுசா இருக்கு, யாரு மறுத்தாலும் நான் சொல்லுவேன். அதே வருஷம் 'தி பாப் குரூப்'ங்கிற பேண்டோட 'ஒய்' ஆல்பத்தையும் போவெல்தான் தயாரிச்சாரு. ரெகேல மெலோடிகாவ, அதாவது வாயால ஊதி வாசிக்கிற சின்ன கீபோர்ட, பெருசாக்கினது அகஸ்டஸ் பாப்லோ, கேங் ஆஃப் ஃபோர், நியூ ஆர்டர் ரெக்கார்டுகள்லயும் மெலோடிகா வருது, கேட்டுப் பாரு. பௌஹவுஸ் பேண்டோட ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஓடுற 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்டுல டிரம்ஸ் சத்தம் எக்கோவுல சிதறிப் போகுதே, அதுவும் டப் வழிதான்.

கேள்வி: போலீஸ் பேண்ட் நம்ம நாட்டுக்கு வந்ததுண்டா?
– தக்கலை வாசகர்

பதில்: உண்டு, 1980 மார்ச்ல பம்பாய்ல வாசிச்சாங்க. தெக்க எங்கயும் வரல.

கேள்வி: அண்ணாச்சி கோவிச்சுக்கக் கூடாது. கறுப்பினத்துக்காரங்க உண்டாக்கின இசைய வெள்ளைக்காரன் எடுத்து வாசிச்சுப் பணம் பாத்தான், இத தாக்கம்னு அழகா சொல்றோம். திருட்டுதானே இது?
– குளச்சலிலிருந்து ஒருத்தர்

பதில்: கோவமெல்லாம் இல்ல, கேக்க வேண்டிய கேள்வி. பணம் ஒரே அளவுல போகல, அது உண்மை. போலீஸ் பேண்ட் 'வெள்ளை ரெகே'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'ரெகாட்டா டி பிளாங்க்'னு ஆல்பத்துக்குப் பேரு வச்சு உலகம் சுத்தி ஸ்டேடியம் நெரச்சாங்க, பிளாண்டி 1980ல 'தி டைட் இஸ் ஹை' பாடி அமெரிக்காலயும் இங்கிலாந்துலயும் நம்பர் ஒன் ஆனாங்க, அந்தப் பாட்ட 1960கள்ல ஜமைக்கால பாரகன்ஸுக்காக எழுதின ஜான் ஹோல்ட் பேரு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்? 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டுக்கு கிளாஷ் பண்ணினது ஜூனியர் முர்வினுக்கே பிடிக்கல.

ஆனா எல்லாரையும் ஒரே தராசுல வைக்க முடியாது. எரிக் கிளாப்டன் 1974ல மார்லியோட 'ஐ ஷாட் தி ஷெரிஃப்' பாடி அமெரிக்கால நம்பர் ஒன் ஆனவரு, அதே ஆள் 1976 ஆகஸ்ட்ல பர்மிங்ஹாம் மேடைல வந்தேறிகளுக்கு எதிரா மோசமாப் பேசினாரு. அத எதிர்த்து உருவானதுதான் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் இயக்கம், 1978 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டன் விக்டோரியா பார்க்குல கிளாஷும் ரெகே பேண்டான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடைல வாசிச்சாங்க. 1979 ஏப்ரல்ல சவுத்தால்ல, நம்ம நாட்டு ஆளுங்க நெறைய வாழுற ஏரியா அது, வந்தேறிகளுக்கு எதிரான நேஷனல் ஃப்ரண்ட் கட்சியோட கூட்டத்த எதிர்த்து மக்கள் தெருவுல எறங்கினப்போ பிளேர் பீச்னு ஒரு வாத்தியார் அடிபட்டுச் செத்தாரு, மிஸ்டி இன் ரூட்ஸ் ரெகே பேண்டோட மேனேஜர் கிளாரன்ஸ் பேக்கருக்குத் தலைல பலமான அடி. ரட்ஸ்ங்கிற பங்க் பேண்டோட முதல் சிங்கிள வெளியிட்டதே மிஸ்டி ஆளுங்க நடத்தின பீப்பிள் யுனைட் அமைப்பு, பேக்கர் அடிபட்டதத்தான் ரட்ஸ் 'ஜா வார்'னு ரெகே பாட்டா எழுதினாங்க. கூட நின்னு அடி வாங்கினவங்களோட சேர்ந்து வாசிக்கிறது ஒண்ணு, தாளத்த மட்டும் எடுத்துட்டு ஆள வெறுக்கிறது வேற, நான் பாக்குற அளவுகோல் இதுதான். கோவென்ட்ரில ஜெர்ரி டாமர்ஸ் 1979ல ஆரம்பிச்ச டூ டோன் ரெக்கார்ட் கம்பெனில ஸ்பெஷல்ஸ், செலக்டர் எல்லாம் ரெண்டு நிறத்து ஆளுங்களும் சேர்ந்த பேண்டு, 1981 ஜூலைல இங்கிலாந்து நகரங்கள்ல கலவரம் நடந்திட்டிருக்கும்போது வேலையில்லாத ஊர்களப் பத்தி ஸ்பெஷல்ஸ் பாடின 'கோஸ்ட் டவுன்' நம்பர் ஒன்ல இருந்துச்சு.

கேள்வி: சார், நான் முட்டம் பக்கத்துல கோயில் கொயர்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கீபோர்டுல ரெகே ஸ்டைல் பட்டன் அமுக்கினா தாளம் வருது, ஆனா நாங்க வாசிச்சா ரெகே மாதிரி இல்ல. என்ன செய்யணும்?
– கொயர் தம்பி

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பட்டன ஆஃப் பண்ணுங்க, அது எல்லா எடத்தையும் நெரப்பிரும். நாலு எண்ணுங்க. டிரம்ஸ்காரர்கிட்ட ஒண்ணுல கிக், அதாவது காலால அடிக்கிற பெரிய டிரம், அடிக்காதீங்கன்னு சொல்லுங்க, கிக்கும் ஸ்னேர் விளிம்புல தட்டுற ரிம் ஷாட்டும் சேர்ந்து மூணுல மட்டும் விழணும், ஒன் டிராப்னு இதத்தான் சொல்றது, மார்லியோட வெய்லர்ஸ்ல கார்ல்டன் பாரெட் வாசிச்சது. மொதல்ல அவருக்குக் கை அரிக்கும், ஒண்ணுல அடிக்காம இருக்கிறது லேசு இல்ல. ரிதம் கிட்டார் ரெண்டுலயும் நாலுலயும் வெட்டணும், தட்டின உடனே இடது கைய லேசா தூக்கி நாதத்த அடைச்சிரணும், இழுக்கப்படாது. நீங்க கார்டோட மூல சுரத்தையே தட்டிட்டு நிக்காதீங்க, ரெண்டு பார்ல ஒரு சின்ன மெட்டு கட்டுங்க, அத மாத்தாம பாட்டு முடியுற வரைக்கும் பிடிச்சு நில்லுங்க, நடுவுல ஒரு தட்டு ரெண்டு தட்டு சும்மா விடுங்க. டோன் நாப ட்ரெபிள்லருந்து இறக்கிருங்க, பிக் வேண்டாம், விரல் போதும். கூட வாசிச்சுப் பழக கார்ல்டனோட அண்ணன் ஆஸ்டன் பாரெட் வாசிச்ச வெய்லர்ஸ் ரெக்கார்டுகளப் பிடிங்க, ஒரு மாசம் அது மட்டும், அதுக்கப்புறம் போலீஸோட 'வாக்கிங் ஆன் தி மூன்' எடுங்க, அதுல பேஸ் வாசிக்கிற சுரம் ரொம்பக் கொஞ்சம், அவங்க பேஸ்காரர் ஸ்டிங் எந்தெந்த எடத்துல கைய எடுக்கிறாருன்னு எண்ணிட்டே வாசிங்க. கொயர் மாஸ்டர் பேஸ் சத்தம் ஜாஸ்தின்னு சொன்னா வால்யூமக் கொறைங்க, மெட்ட மாத்தாதீங்க.