ரத்தத்தில் பிறழ்வு இல்லையென்றால் அல்பெலிசிப் கிடையாதா?

மார்பகப் புற்றுநோய் உள்ள அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் 'பிஐகே3சிஏ பிறழ்வு இல்லை' (அந்த மரபணுவில் மாற்றம் இல்லை) என்று வந்திருக்கிறது, இனி அல்பெலிசிப் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து, அந்தப் பிறழ்வைக் குறிவைக்கும் மாத்திரையான அல்பெலிசிப், ஹார்மோன் தடுப்பு ஊசியான ஃபுல்வெஸ்ட்ரன்ட் இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்து உதவாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கட்டியிலிருந்து போதிய டிஎன்ஏ ரத்தத்தில் கலக்காவிட்டாலும் அப்படித்தான் வரும்.

பயாப்சி செய்த ஆய்வகத்தில், கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் இருக்கும். வெறும் அறிக்கையோடு திரும்பாமல் பிளாக்கையே கேட்டு வாங்கி, அந்தத் திசுவில் சோதிக்கச் சொல்லுங்கள்.

அலைச்சல்தான், ஆனால் வீணல்ல. இந்தக் கூட்டு மருந்தைச் சோதித்த சோலார்-1 ஆய்வில் பிறழ்வு உள்ளவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும் தந்தபோது 5.7 மாதம், கூட்டாகத் தந்தபோது 11 மாதம். பிறழ்வு இல்லாதவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அல்பெலிசிப் அதை மளமளவென்று ஏற்றக்கூடியது. முதல் மாத்திரைக்கு முன்பே எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.