காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகிறது, ஓடுவதை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 78 கிலோ. வங்கியில் வேலை. ஒரு வருடமாகக் கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் ஓடுகிறேன். டிசம்பரில் 21 கி.மீ. ஓடலாம் என்று நண்பர்கள் கிளப்பிவிட்டார்கள். வாரம் 3 நாள் 5 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன், ஒன்றரை மாதத்தில் வாரம் 5 நாள், ஞாயிறு மட்டும் 12 கி.மீ. என்று கூட்டிவிட்டேன். இப்போது இரண்டு மாதமாக இடது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்துவதுபோல இருக்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறதாம். யூரிக் ஆசிட் 7.4. ஊசி போடலாம், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். ஓடுவதை நிறுத்திவிட வேண்டியதுதானா? அம்மாவுக்கும் (68 வயது, சர்க்கரை உண்டு) குதிகால் வலி. செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். நானும் செய்யலாமா?

பதில்: அந்த எக்ஸ்ரே கவரை முதலில் பீரோவுக்குள் வையுங்கள். அதில் தெரியும் முள்ளைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். வலியே இல்லாதவர்களின் குதிகாலை எக்ஸ்ரே எடுத்தாலும் பலருக்கு அதே முள் இருக்கும். வலி போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். குத்துவது அது இல்லை.

குதிகால் எலும்பின் அடியில், சற்று உட்பக்கமாகத் தொடங்கி, விரல்களின் அடி வரை தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது. பிளான்டார் ஃபேஷியா என்று பெயர். பாதத்தின் வளைவைத் தாங்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோவதுதான் உங்கள் பிரச்சினை. இரவெல்லாம் பாதம் தொங்கலாகக் கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கும். காலையில் மொத்த உடம்பையும் ஒரேயடியாக அதன்மேல் ஏற்றுகிறீர்கள். அதனால்தான் முதல் அடியில் அந்தக் குத்தல். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் கொஞ்சம் அப்படி இருக்குமே?

ஏன் நைந்தது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வாரம் 15 கி.மீ. ஓடியவர் ஒன்றரை மாதத்தில் 32 கி.மீ. ஆகிவிட்டீர்கள். நிதானமாக 12 கி.மீ. ஓடினால் இடது கால் மட்டும் 6,000 தடவைக்கு மேல் தரையில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப்போல 2 மடங்குக்கு மேல் சுமை. உங்கள் எடைக்கு 150 கிலோவைத் தாண்டும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். இந்தப் பட்டைக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஆசை முந்திவிட்டது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? நாளைக் காலை கண் விழித்ததும் காலைக் கீழே வைக்காதீர்கள். கட்டிலில் உட்கார்ந்து இடது பாதத்தை வலது தொடைமேல் போடுங்கள். ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால், கொடிக்கயிறு விறைத்ததுபோல ஒரு நரம்பு தட்டுப்படும். நரம்பில்லை, அந்தப் பட்டைதான். 10 எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். 10 தடவை. அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்க வேண்டும். பகலில் இன்னும் இரண்டு முறை செய்யுங்கள், ஆபீஸ் நாற்காலியிலேயே செய்யலாம். கூடவே, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் சதையை 30 விநாடி இழுத்துப் பிடிப்பதும் வேண்டும். அந்தச் சதை இறுகியிருந்தால் பாரமெல்லாம் பாதத்தில் விழும்.

இழுத்துவிடுவது மட்டும் போதாது, பட்டையைப் பலப்படுத்தவும் வேண்டும். மாடிப்படி விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை 3 எண்ணி உயர்த்துங்கள், 2 எண்ணி நிறுத்துங்கள், 3 எண்ணி இறக்குங்கள். 12 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்குங்கள். சுலபமாகத் தோன்றும்போது முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பெரும்பாலோர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நிஜமான முன்னேற்றம் தெரிய 3 மாதம் ஆகலாம்.

அப்புறம், வீட்டுத் தரை. டைல்ஸும் கிரானைட்டும் போட்ட வீட்டில் வெறுங்காலோடு நடப்பது இந்த வலிக்கு ஆகாது. வீட்டுக்குள் போட என்றே எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்டது) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா கேட்டால், டாக்டர் சொன்னார் என்று என்மேல் பழியைப் போடுங்கள். ஓடும் ஷூவைப் பற்றி எழுதவில்லை. ஒரு வருடமாக ஒரே ஜோடி என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாயங்காலம் வலித்தால், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலை உள்ளங்காலடியில் 10 நிமிடம் உருட்டுங்கள்.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், குறையுங்கள். வாரம் 3 நாள், 3 கி.மீ. மற்ற நாட்களில் சைக்கிளோ நீச்சலோ. ஓடும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். அது முன்பைவிட மோசமாக இருந்தால் முந்தைய நாள் ஓடியது அதிகம். டிசம்பர் 21 கி.மீ. வேண்டாம். நண்பர்களுக்குக் கைதட்டப் போங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். ஆனால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. வலி மறைந்த தைரியத்தில் மறுவாரமே ஓடக் கிளம்புகிறவருக்கு நான் முதலில் போட மாட்டேன். ஆபரேஷன் பேச்சு, 6 முதல் 12 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கேட்காதபோதுதான். பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதே இல்லை. யூரிக் ஆசிட் 7.4 சற்று அதிகம்தான், ஆனால் இந்த வலிக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை. யூரிக் ஆசிட் படிந்து வரும் கவுட் என்ற மூட்டுவலி பெரும்பாலும் கால் கட்டைவிரல் மூட்டைத்தான் முதலில் பிடிக்கும், அதுவும் ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கும்.

இவ்வளவும் கடிதத்தை வைத்துச் சொன்னது. குதிகாலை இரு பக்கமிருந்தும் உள்ளங்கைகளால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். உள்ளங்காலில் எரிச்சலும் மரமரப்பும் இருந்தாலும், ஓடும்போது 'படக்' என்று ஏதோ அறுந்து நீலம் பாரித்தாலும் அப்படியே. வலி குதிகாலின் அடியில் இல்லாமல் பின்பக்கம் என்றால் அது வேறு தசைநார், அதற்கு வைத்தியமும் வேறு.

செங்கல் ஒத்தடம் உங்களுக்கு இதமாக இருந்தால், சூடு அளவாக இருக்கும்வரை மறுப்பில்லை. நைந்த பட்டையை அது சரிசெய்யாது. அம்மாவுக்கு மட்டும் கூடவே கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. ஒத்தடம் கொடுத்துக் குதிகால் வெந்து, ஆறாத புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே அவரை அழைத்துப்போய் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் உணர்ச்சிப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். எருக்கிலை பறிக்கிறவர் யாராக இருந்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.