இணையத்தில் கொட்டுவதுதான் ஒருவரின் உண்மை முகமா?

"பெயரை மறைத்துக்கொள்ள முடிவதால்தான் மனிதர்கள் இணையத்தில் மாறிப்போகிறார்களா? அங்கே வெளிப்படுவதுதான் அவர்களின் உண்மை முகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே இல்லை என்பதுதான் என் பதில்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சொந்தப் பெயரில்தான் இருக்கிறோம். லிஃப்டில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று விசாரிப்பவர், மேல்வீட்டுச் சத்தம், நடைபாதையில் கிடக்கும் செருப்பு என்று வந்துவிட்டால் ராத்திரியில் எழுதுவதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். வயதில் மூத்தவர் என்ற மரியாதைகூட அங்கே நிற்பதில்லை. கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் படத்தையும் வீட்டு எண்ணையும் போடுகிறவர்களும் உண்டு. நோகடிக்கும் எண்ணத்தோடு அப்படிப் போடுவது சிங்கப்பூரில் குற்றம். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2019இல் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

அப்படியென்றால் எதுதான் காரணம்? இஸ்ரேலிய ஆய்வாளர்கள் லபிடாட்-லெஃப்லரும் பராக்கும் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருவர் இருவராக அரட்டையில் விவாதிக்க வைத்து, பெயர் தெரிவது, உருவம் தெரிவது, கண்ணைப் பார்ப்பது ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். வசவுக்கும் மிரட்டலுக்கும் முக்கியக் காரணமாகத் தெரிந்தது, எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியாததுதான். எனக்கு இது முழுக்கச் சரியென்று படுகிறது. நாம் சொன்ன சொல் எதிரே இருப்பவர் முகத்தில் விழுவதைப் பார்த்தால் அடுத்த சொல் தானாகவே மெதுவாகும்.

ஆனால் கண் இல்லாத அதே இடம்தான் சிலருக்கு வாயைத் திறந்துவிடுகிறது. என் அக்கா மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருந்தபோது, வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் எதைக் கேட்டாலும் "ஓகே மாமா" என்பான், அவ்வளவுதான். முகாமுக்குத் திரும்பிய பிறகு நீள நீளமாக எழுதுவான்: பயம், தூக்கமின்மை, அப்பாவிடம் சொல்ல முடியாதவை. எழுதி, அழித்து, மறுபடி எழுத அவனுக்கு நேரம் கிடைத்தது. உடனே என் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த இரண்டு பக்கத்தையும் உளவியலாளர் ஜான் சூலர் 2004லேயே எழுதிவிட்டார். கட்டவிழ்ந்து வெளிவருவதை 'உண்மையான நான்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது நமக்குள்ளேயே இருக்கும் இன்னொரு அடுக்கு என்பது அவர் கருத்து. நானும் அப்படித்தான் நம்புகிறேன். அம்மா கவலைப்படக் கூடாது என்று வார இறுதியில் சோற்றுத் தட்டின் முன் சிரித்த என் அக்கா மகனும் நிஜம்தானே? அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. லிஃப்டில் நலம் விசாரிப்பவரின் அன்பும் அப்படித்தான். அதற்காக "அது நான் இல்லை, கோபம்" என்று அவர் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

இப்போதெல்லாம் குழுவில் சண்டை முற்றினால் நான் பதில் போடுவதில்லை. கீழ்த்தளத்துக்கு வாங்க, பேசலாம் என்று தனியாகக் கூப்பிடுவேன். பெரும்பாலும் அங்கேயே தணிந்துவிடும். அக்கா மகனை மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவன் எழுதினால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.