குளோரின் மணம் நின்றதுதான் என் கவலை

குழாய்த் தண்ணீரால் மகனின் சிறுநீரகம் பழுதாகுமோ என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீரால் அது பழுதாகப் போவதில்லை. அனுராதபுரம், மெதவாச்சிப் பக்கம் விவசாயிகளைப் பிடித்த சிறுநீரக நோயை இணையத்தில் வாசித்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். அது உலர்வலயத்தில் வருடக்கணக்காகக் கிணற்று நீர் குடித்தவர்களின் கதை. நமக்கு வருவது அம்பத்தளையில் சுத்திகரித்த களனி கங்கை நீரும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும்தான். உங்கள் டிடிஎஸ் மீட்டர் காட்டிய 48, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு; இலங்கைத் தரத்தில் அது லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை போகலாம். கிருமி ஒன்றைக்கூட அந்த மீட்டர் காணாது. அதை அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், "மூன்று கிழமையாகக் குளோரின் மணமும் இல்லை, தண்ணீர் திருந்திவிட்டது" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கும் கீழ்மாடிப் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு வயிற்றோட்டம் வருவதும் அதே மூன்று கிழமையாகத்தான்.

குளோரின் நம் காவல். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாய்வரை மிஞ்ச வேண்டும். தாங்கியில் தேங்கினால் அது தானாகவும் குறையும், சரி. ஆனால் உங்கள் தொடர்மாடியில் நிலத்தடித் தாங்கிக்குப் பக்கத்திலேயே மழைக்கு நிரம்பி வழியும் கழிவுநீர்க் கான் இருக்கிறது. சுவரில் வெடிப்பு இருந்தால் கழிவு உள்ளே கசியும். அந்த அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகும். இப்படி ஒரு தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். சுவரில் கறுப்பாக ஒரு கசிவுக் கோடு, அதன் கீழே தண்ணீரில் கரப்பான்கள். மேலே நான்கு மாடிக்காரரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே கிருமிப் பரிசோதனை செய்யுங்கள். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். அது இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று, முடிவு பொய்யாக நல்லதாக வரும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். தாங்கிக்குப் போகுமுன் வரும் குழாயிலும் குசினிக் குழாயிலும் தனித்தனியாக எடுத்தால்தான் பிழை வீதியிலா வீட்டிலா என்று தெரியும். வீதியில் என்றால் நீர் வழங்கல் சபைக்கு 1939இல் அழையுங்கள்.

பார்மசியில் வாங்கி அரை அரையாகக் கொடுக்கும் பிளஜில் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். எல்லா வயிற்றோட்டத்துக்கும் அது மருந்தல்ல. நாளைக்கு உண்மையில் தேவைப்படும்போது வேலை செய்யாமலும் போகலாம். வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைப் பக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.

சிறுநீரகத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. வயிற்றோட்டத்தோடு பிள்ளை ஆறு மணித்தியாலம் சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தாங்கியைக் கழுவி வெடிப்பை அடைக்கும்வரை, பல் துலக்கும் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆறவிட்டே பாவியுங்கள்.